அரிசிப் பையில் மருந்துச் சீட்டு எதற்கு?

இயற்கை அங்காடிகளில் விற்கும் அரிசிப் பைகளைத் திருப்பிப் பாருங்கள். 'சர்க்கரை நோய்க்குச் சிறந்தது', 'உடல் எடை குறையும்', 'ரத்தக் கொதிப்பு கட்டுப்படும்' என்று அச்சடித்திருக்கும். கருப்புக் கவுனிக்கு ஒரு பட்டியல், காட்டுயானத்துக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைச் சம்பாவுக்கு இன்னொரு பட்டியல். நாட்டுச் சர்க்கரைப் பொட்டலத்தில் 'சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்' என்ற வரியைக்கூட நான் பார்த்திருக்கிறேன். இப்படிப் போடுவது வியாபாரிகள் மட்டும் இல்லை. நம்மோடு பயிற்சிக்கு வந்து, நம்மோடு பஞ்சகவ்யம் தயாரித்த உழவர்களும் போடுகிறார்கள்.

இந்தப் பைகளை வாங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். நேரடி விற்பனை செய்யும் எல்லோருக்கும் இது தெரியும். பெரும்பாலும் அலுவலகம் போகிறவர்கள். ஐ.டி. கம்பெனி, வங்கி, இன்சூரன்ஸ், அரசு அலுவலகம், பள்ளிக்கூடம். வயது முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஏதோ ஒரு எண் சிவப்பில் வந்த பிறகுதான் இவர்களில் பாதிப்பேர் நம்மைத் தேடி வருகிறார்கள். பயத்தோடு வருகிறார்கள், நம்பிக்கையோடு வாங்குகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் பதில் சரியில்லை என்பது என் கருத்து. பைகளில் இருக்கும் நோய்ப் பட்டியலை நாமே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக அவர்களுக்கு உண்மையிலேயே உதவும் பொருளை நாம் கூடுதலாக விளைவிக்க வேண்டும். அந்தப் பொருள் அரிசி இல்லை, வெல்லமும் இல்லை. நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஐந்து அளவுகள்

அலுவலகக்காரர்களைப் பிடித்திருக்கும் இந்தத் தொல்லைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் மெட்டபாலிக் சிண்ட்ரோம். தமிழில் வளர்சிதைமாற்றக் கோளாறு என்று சொல்கிறோம். இது ஒற்றை நோய் இல்லை. கூட்டமாக வருகிற சில கோளாறுகள். 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் ஒரு சொற்பொழிவில் இதை எடுத்துச் சொன்னார். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ரத்தக் கொழுப்பு இவற்றைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் போவதுதான் இவற்றுக்கு அடியில் ஓடும் வேர் என்றார்.

இன்று மருத்துவர்கள் பார்ப்பது ஐந்து அளவுகள். நம்மைப் போன்ற ஆசியர்களில் ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். ஆணுக்கு 40க்கும், பெண்ணுக்கு 50க்கும் கீழ். இந்த ஐந்தில் ஏதாவது மூன்று இருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம். மாத்திரை சாப்பிட்டு எண்ணைக் குறைத்து வைத்திருந்தாலும் கணக்கில் சேரும்.

இதில் எதுவுமே வலிக்காது. காய்ச்சல் வராது, வேலைக்கு லீவு போட வைக்காது. பத்து வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, சர்க்கரை நோயாகவோ, மாரடைப்பாகவோ, பக்கவாதமாகவோ வந்து நிற்கும். 'நான் ஒல்லியாத்தானே இருக்கேன்' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் தங்களையே அளந்து 2004இல் ஒரு மருத்துவ இதழில் படத்தோடு போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. உடலில் இருந்த கொழுப்பு மட்டும் ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து தொப்பை மட்டும் முன்னால் நிற்கும் உடம்பு நமக்கு ரொம்பப் பழக்கமானது.

உட்காருகிற வேலை

லண்டன் மாடிப் பேருந்துகளில் அந்தக் காலத்தில் ஓட்டுநரோடு நடத்துநரும் இருந்தார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கிழிப்பார். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே சம்பளம், ஒரே ஊர்ச் சாப்பாடு. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு 1953இல் வெளியிட்ட ஆய்வில், நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. தபால் துறையிலும் அவர் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுப்பவர்களைவிட, மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்குத்தான் இதய நோய் அதிகம். பிறகு 1956இல் பேருந்து ஊழியர்களுக்குத் தைத்த சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு நடத்துநர்களுடையதைவிடப் பெரியதாக இருந்தது.

எழுபது வருடத்துக்கு முந்தைய இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓட்டுநர் சோம்பேறி இல்லை. அவர் வேலையின் அமைப்பு அப்படி. நான் வங்கியில் சேர்ந்த எண்பதுகளில் லெட்ஜர் எடுக்க எழுந்து போக வேண்டும், கையெழுத்து சரிபார்க்க இன்னொரு மேஜைக்குப் போக வேண்டும், பணப்பெட்டி அறைக்குப் படி இறங்க வேண்டும். கணினி வந்த பிறகு எல்லாம் திரைக்கு வந்துவிட்டது. வேலை குறையவில்லை, கூடியது. நடைதான் போய்விட்டது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் இரவு பதினொரு மணி வரை நாற்காலியை விட்டு எழாத ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் சர்க்கரை போட்ட டீ நாலு முறை வரும், கூடவே பஜ்ஜியும் வரும்.

இன்றைய ஐ.டி. வேலை இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்காக்காரன் விழித்திருக்கும் நேரத்தில் இவர்கள் கூட்டம் நடத்த வேண்டும். சாப்பாடு இரவு பத்து மணிக்கு, சாப்பிட்ட கையோடு மறுபடி திரை, தூக்கம் ஒரு மணிக்கு. ஐதராபாத்தில் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2025இல் வந்தது. நூற்றுக்கு 84 பேருக்கு ஈரலில் கொழுப்பு. 71 பேருக்கு உடல் பருமன். 34 பேருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம். 345 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஒரே நகரம்தான். ஆனாலும் வேலைக்குப் போய் நன்றாகச் சம்பாதிக்கும் வயதில் இருக்கும் பிள்ளைகளின் ஈரல் இப்படி இருக்கிறது என்பது சாதாரணச் சேதி இல்லை.

நிரம்பிய வயலில் தண்ணீர்

உட்காருவதற்கும் ஈரலில் கொழுப்புப் படிவதற்கும் என்ன தொடர்பு? நமக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன்.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் கடைசியில் குளுக்கோஸ் ஆகி ரத்தத்துக்கு வருகிறது. வாய்க்காலில் வரும் தண்ணீர் மாதிரி. அதைத் திறந்துவிடும் மடைதான் இன்சுலின். பாய வேண்டிய பெரிய வயல் நம் தசை. தொடை, முதுகு, தோள் என்று உடம்பிலேயே அதிகக் குளுக்கோஸை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் அதுதான். தசை வேலை செய்தால் வாங்கியதைச் செலவழிக்கும், அடுத்த வேளைக்கு இடம் காலியாக இருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்தால் வயல் ஏற்கெனவே நிரம்பி நிற்கிறது. மடையை எவ்வளவு திறந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது. கணையம் இன்சுலினை இன்னும் இன்னும் சுரக்கும். மிஞ்சிய குளுக்கோஸை ஈரல் கொழுப்பாக மாற்றும். கொஞ்சம் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கொஞ்சத்தை ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்பும். தொப்பை, ஈரல் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு, சர்க்கரை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வருவது இப்படித்தான்.

அப்படியென்றால் வழியும் இரண்டுதான். வாய்க்காலில் வரும் தண்ணீரைக் குறைக்க வேண்டும், வயலைக் காயவிட வேண்டும். அதாவது மாவுச்சத்தின் மொத்த அளவு குறைய வேண்டும், தசை வேலை செய்ய வேண்டும். நம் அரிசிப் பை இதில் எங்கே வருகிறது என்று இப்போது பார்ப்போம்.

நம் சரக்கில் என்ன இருக்கிறது?

அரிசி எந்த ரகமாக இருந்தாலும் நூறு கிராமில் முக்கால் பங்கு மாவுச்சத்து. யூரியா போட்டு வளர்த்தாலும், அமிர்தக் கரைசல் ஊற்றி வளர்த்தாலும் அது மாறாது. தவிடு நீக்காத அரிசியில் நார் இருக்கிறது, பி வைட்டமின்கள் இருக்கின்றன, கவுனியின் கருப்புத் தோலில் நல்ல நிறமிகள் இருக்கின்றன, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகம் குறைகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் அதே கவுனியை இரண்டு பாலிஷ் போட்டு வெளுக்கவைத்து விற்றால் அந்த உண்மையும் தவிட்டோடு போய்விடும். தவிட்டோடு சாப்பிட்டாலும், 'நல்ல அரிசிதானே' என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

சிறுதானியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. வெள்ளை அரிசிக்குப் பதிலாக முழுக் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டால் மட்டும், மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால், சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவுகளில் ஒன்று. ஆபத்து குறைவது தெரிந்தது எங்கே என்றால், மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதம் வரும்போது.

சாமையும் வரகும் மானாவாரிக்கு ஏற்றவை, தண்ணீர் கேட்காதவை, மண்ணுக்கும் மாட்டுக்கும் நல்லவை. அவற்றை விளைவிக்க இந்தக் காரணங்களே போதும். ஒரு தட்டு வெள்ளைச் சோற்றின் இடத்தில் ஒரு தட்டு வரகுச் சோறு வந்தால் நோய் போய்விடும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி பற்றிப் பேசினால் சண்டைக்கு வருவார்கள். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத கொஞ்சம் இரும்பும் தாது உப்பும் இவற்றில் உண்டு. ரசாயனம் போட்டு வெளுக்காதது என்பதும் பெரிய விஷயம்தான். ஆனால் இவை மூன்றும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான். கிராமுக்குக் கலோரியும் ஏறத்தாழ அதே அளவுதான். சர்க்கரை நோயாளியின் காபியில் இரண்டு கரண்டி கருப்பட்டி போட்டால், உடம்பு அதை இயற்கை விவசாயி செய்ததா ஆலைக்காரன் செய்ததா என்று கேட்காது.

'அப்போ ரசாயனத்துக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லையா சார்?' என்று ஒரு இளம் உழவர் கேட்டார். இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது சர்க்கரைக் கட்டுப்பாடு கெடுவதை எலிகளில் காட்டினார்கள். பூச்சிக்கொல்லியோடு பழகும் கிராம மக்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாக இருப்பதையும் பதிவு செய்தார்கள். நஞ்சில்லா வேளாண்மைக்கு இது வலுவான வாதம். அதை உரக்கச் சொல்வோம். ஆனால் நஞ்சு இல்லை என்பதும் மாவு இல்லை என்பதும் வேறு வேறு.

மாத்திரையை நிறுத்தச் சொல்ல நாம் யார்?

இதெல்லாம் வெறும் வார்த்தைச் சண்டை என்று நினைக்காதீர்கள். என்னிடம் உளுந்து வாங்கும் ஒருவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. மென்பொருள் வேலை. எங்கோ வாங்கிய அரிசிப் பையில் இருந்ததைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று வேளையும் அதே அரிசி. நாலு மாதம் கழித்துப் பார்த்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 250ஐத் தாண்டியிருந்தது. 'இயற்கைதானே சார், என்ன பண்ணிடப் போகுதுன்னு நெனச்சேன்' என்றார். அவர் மனைவி அதற்குப் பிறகு எந்த இயற்கை அங்காடிக்கும் வருவதில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா?

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளின்படி, தனி அனுமதி இல்லாமல் ஓர் உணவு நோயைத் தடுக்கும், குறைக்கும், குணமாக்கும் என்று எழுதக் கூடாது. ஒரு புகார் போனால் மாட்டிக்கொள்வது பெரிய கம்பெனி இல்லை, வக்கீல் வைக்க வசதி இல்லாத நம் ஆள்தான்.

'உணவே மருந்து' என்பது நம் இயக்கத்தின் மந்திரம் மாதிரி. அதை நான் மறுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அளவாக, வகைவகையாக, நஞ்சில்லாமல் சாப்பிட்டால் நோய் தள்ளிப்போகும் என்பதுதான் அதன் பொருள். நோய் வந்தவர் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கிவிட்டு அரிசிப் பையைக் கொடுப்பது அதன் பொருள் ஆகாது. வாழ்க்கை முறை மாறி, எடை குறைந்து, சர்க்கரை அளவு இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. அதற்குரிய சோதனையைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

சென்னையில் பலன் தந்தது எது?

இந்த விஷயத்தில் நம் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து, மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் ஒரு சோதனை நடந்தது. 2006இல் முடிவு வெளிவந்தது. பெரும்பாலும் நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மூன்று ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இன்னொரு பிரிவுக்குத் தினம் அரை மணி நேர வேக நடை, இனிப்பையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டுவது. அவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறத்தாழ இதே பலன்தான்.

இதில் அதிசய அரிசி எதுவும் இல்லை, விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. நடை, தட்டில் ஒரு மாற்றம், விடாமல் நினைவூட்டிய ஆட்கள். இவ்வளவுதான். ஆனால் அலுவலகம் போகிறவருக்கு 'நடங்க சார்' என்று சொல்வது லேசு. காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்கு வீடு வரும் பெண் எப்போது நடப்பார்? நிறுவனங்கள் நேரம் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு பத்து பதினைந்து நிமிடம் நடந்தால்கூடச் சர்க்கரை ஏறுவது குறையும். மதிய இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டுவதால் எந்த நிறுவனமும் திவாலாகாது. கேன்டீனில் சுண்டல் வைப்பதாலும் ஆகாது. இந்தக் கோரிக்கையை ஊழியர் சங்கங்கள் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அகவிலைப்படிக்குப் போராடுகிற அளவுக்கு நாற்காலிக்காகவும் போராடலாம்.

நாம் விளைவிக்க வேண்டியது

அவர்கள் பக்கம் அது. நம் பக்கம் என்ன செய்ய முடியும்?

முதலில் பயறு. நம் வாடிக்கையாளரின் மதிய டப்பாவைத் திறந்து பாருங்கள். எலுமிச்சைச் சாதம், பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். மாவுக்கு மாவே துணை. அதில் பாதிச் சாதத்தை எடுத்துவிட்டு ஒரு கரண்டி தட்டைப்பயறுச் சுண்டலும், ஒரு கரண்டி கீரைக் கூட்டும் வந்தால் அதுதான் மாற்றம். அரிசியில் நூறு கிராமுக்கு ஏழெட்டு கிராம் புரதம். உளுந்து, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு, கொள்ளு எல்லாவற்றிலும் இருபது கிராமுக்கு மேல். பயறிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் கூடவே நாரும் புரதமும் இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும்.

பயறு போடுவது நமக்குப் புதுசா? டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், தை மாதத்தில், ஈரம் இருக்கும்போதே நெல்லுக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது நம் பெரியவர்கள் செய்தது. உரம் கேட்காது, தண்ணீர் கேட்காது, பனியிலேயே விளையும், வேர் முடிச்சில் தழைச்சத்தை மண்ணுக்கு விட்டுப் போகும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு முளைத்த பயிர் நசுங்குகிறது என்று பலர் விட்டுவிட்டார்கள். இயந்திரம் போன பிறகு ஈரம் பார்த்து விதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மானாவாரியில் சோளத்தோடு துவரை, கொங்குப் பக்கம் கொள்ளு, தட்டை, மொச்சை, எங்கு பார்த்தாலும் வரப்பில் உளுந்து. மண் கேட்பதும் அந்த அலுவலகக்காரர் தட்டு கேட்பதும் ஒரே பயிராக இருப்பது நமக்குக் கிடைத்த வசதி.

'பயறுக்கு யார் சார் விலை கொடுப்பா? கவுனிக்குத்தான் விலை' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கவுனி சாதாரண அரிசியைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்குப் போகிறது. அந்த விலையில் பாதி, பையில் இருக்கும் நோய்ப் பட்டியல் சம்பாதித்துக் கொடுப்பது. பட்டியலை எடுத்தால் விற்பனை குறையலாம். நான் வங்கியில் கடன் கொடுத்த ஆள் என்பதால் சொல்கிறேன், பொய் உத்தரவாதத்தின் மேல் நிற்கும் வருமானத்தை வருமானமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு மருத்துவர் எதிர்த்துப் பேசினால் போதும், அடுத்த வருடம் மூட்டை தேங்கும். சோயா எண்ணெயிலிருந்து நோனி வரை எத்தனை அலை வந்து போனது, நினைத்துப் பாருங்கள். மரபு நெல்லை மீட்க நெல் ஜெயராமன் போன்றவர்கள் வாழ்க்கையையே கொடுத்தார்கள். அந்த நெல் ஒரு மோஸ்தர் சரக்காகி மங்கிப் போகக் கூடாது. சுவை, மணம், வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் குணம், வைக்கோல், நஞ்சில்லாத விளைச்சல் என்று அதற்குச் சொல்லிக்கொள்ள எத்தனையோ உண்மைகள் இருக்கின்றன.

அரசின் பக்கமும் கேட்க வேண்டியது உண்டு. நெல்லுக்கு ஊருக்கு ஊர் நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. பயறுக்கு அந்த அளவில் இல்லை. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. உள்ளூர் உளுந்தையும் பாசிப்பயறையும் கொள்முதல் செய்து ரேஷனிலும் சத்துணவிலும் கொடுங்கள் என்று நம் இயக்கம் கேட்டால், அது உழவர் கோரிக்கையும் ஆகும், பொதுநலக் கோரிக்கையும் ஆகும்.

நம் இடுப்பையும் அளப்போம்

கடைசியாக ஒன்று. இது நகரத்துக்காரர் நோய், நமக்கு வராது என்று நாம் உள்ளுக்குள் நினைத்துக்கொள்கிறோம். மேலே சொன்ன அதே தேசிய ஆய்வின் 2023 அறிக்கையைப் பாருங்கள். சர்க்கரை நோய் நகரத்தில் நூற்றுக்கு 16.4 பேர், கிராமத்தில் 8.9 பேர். நகரத்தில்தான் அதிகம். ஆனால் நோய்க்கு முந்தைய நிலை நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2. வித்தியாசமே இல்லை. வாசலில் வந்து நிற்கிறது என்று அர்த்தம். உழவு டிராக்டரில், அறுப்பு இயந்திரத்தில், வயலுக்குப் போவது பைக்கில், பம்புசெட் போடுவது செல்போனில். நம்மில் பலர் நாள் முழுக்க நிற்கிற இடம் டீக்கடைதான். தட்டில் மட்டும் தாத்தா ஏர் ஓட்டிய காலத்துச் சோறு அப்படியே இருக்கிறது.

ஆகவே அடுத்த மாவட்டக் கூட்டங்களில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, நம் இயக்கத்தைச் சேர்ந்த யாரும் எந்தப் பையிலும் நோயின் பெயரை அச்சடிப்பதில்லை. ரகம், ஊர், விளைந்த பட்டம், அரைத்த தேதி, உமி மட்டும் நீக்கியதா எத்தனை பாலிஷ் போட்டதா, இவை மட்டும் இருக்கட்டும். தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் சிக்கடிக்கும், வண்டு சீக்கிரம் விழும். அதனால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக் கொடுப்போம், தேதியைப் போடுவோம்.

இரண்டு, வீட்டுக்கு அனுப்பும் மாதப் பெட்டியில் ஐந்து கிலோ அரிசி என்றால் இரண்டு கிலோவாவது பயறு இருக்கட்டும். மூன்று நான்கு உழவர்கள் சேர்ந்தால் உளுந்து, பாசி, தட்டை, கொள்ளு என்று மாற்றி மாற்றி அனுப்பலாம். சுண்டலுக்கும் அடைக்கும் துவையலுக்கும் ஒரு துண்டுச் சீட்டில் செய்முறை எழுதி வைத்தால் அலுவலகம் போகும் வீட்டில் அது உண்மையிலேயே பயன்படும்.

மூன்று, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு டேப்பும் ரத்த அழுத்தக் கருவியும் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவரை அழைத்தால் சர்க்கரையும் பார்த்துவிடலாம். உழவர்களும், நம்மிடம் வாங்குகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

மாறுபட்ட கருத்து உள்ளவர்கள், குறிப்பாகக் கவுனி பயிரிடும் நண்பர்கள், அவசியம் எழுதுங்கள். நானும் அரை ஏக்கர் கவுனி போட்டிருக்கிறேன். அதை இனி எந்தச் சொல்லால் விற்பது என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.